ரங்கூனுக்கு எழுதிய பதில்

எதிர்வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கிறார்கள். அந்த வாசம் தெருவைத் தாண்டி என் அடுப்படிக்குள் வந்து நிற்கிறது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இன்னும் ஐந்து நாள். ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலே முந்திரிக்கொத்து சுடாத வேதக்கார வீடு இப்போது என் வீடு ஒன்றுதான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தங்கச்சி, உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா படுக்கையில் விழுந்தபோது, அடுப்பு எனக்கு, பள்ளிக்கூடம் உனக்கு என்று ஆயிற்று. நீ தரையில் விரித்து வைத்துப் படித்த புத்தகங்களை, கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தே நான் எழுத்துக் கூட்டினேன். நீ டீச்சர் டிரெயினிங் முடித்துக் கப்பலேறி ரங்கூன் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிறகு, உன் கடிதங்கள்தான் எனக்குப் பாடப் புத்தகம்.

முதல் வருஷப் பண்டிகைக்கு நீ தனியே இருப்பாயே என்று அழுதேன். நீ எழுதினாய்: முப்பத்தொரு பிள்ளைகளும் விடியுமுன்னே ஆளுக்கொரு பிடி அரிசியோடு வாசலில் வந்து நின்றார்கள் என்று. எல்லாம் அரிசி ஆலையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். வேதத்தில் உள்ளவர்கள் நாலே பேர். நம் கோவிலில் சபையே கூடி உண்ணும் அசனம்போல, எல்லா அரிசியையும் ஒரே பானையில் பொங்கி, எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார்த்திப் பரிமாறினாய். பர்மாக் குடைக் காகிதத்தில் அவர்கள் செய்த நட்சத்திரத்துக்கு ஒரு கால் மட்டும் நீளமாம். அதைத்தான் எல்லாரும் அழகு என்றார்களாம்.

நீ லீவில் வந்தபோது, உன்னிடம் கொடுத்தனுப்ப முந்திரிக்கொத்து சுட்டபடி, நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்துகொண்டே கேட்டேன்: "ஏட்டி, நாலு வேதக்காரப் பிள்ளைகளுக்காக முப்பத்தொரு பேருக்கும் நான் பலகாரம் சுடணுமா?"

"சுடத்தான் வேணும். ஒனக்கு அங்க பேரே பலகார அக்காதான். நான் செத்தாக்கூட அதுக ஒன்னத்தான் தேடும்" என்று சிரித்தாய்.

அவர்கள் பெயர்களையெல்லாம் எழுதித் தந்துவிட்டுப் போனாய். வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றை எழுதிவைத்து, தினமும் காலையில் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்தேன். கோவிலில் உன் கடிதங்களை வாசித்துக் காட்டுவேன். பெண்கள் அசையாமல் கேட்பார்கள்.

நாலாம் வருஷம் ஐப்பசியில் உன் கடிதம் வந்தது. "சண்டை வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு வீட்டு நினைவாகவே இருக்கிறது. லீவு கிடைக்கும், கப்பலும் இருக்கிறது. பண்டிகைக்கு வரட்டுமா அக்கா?"

முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் பதில் எழுதினேன். "பிள்ளைகளோடு பண்டிகை கொண்டாடு. அதுதான் உன் ஊழியம். கோடைக்கு வா." கர்த்தர் சொல்லித்தான் எழுதினேன் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். இப்போது தெரிகிறது. நீ வந்துவிட்டால் அந்த வருஷம் கோவிலில் வாசிக்க எனக்குக் கடிதம் இருக்காது. அந்த நினைப்பும் அப்போது எனக்குள் இருந்தது.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் ரங்கூனில் குண்டு விழுந்தது.

எட்டு மாதம் கழித்துச் சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். ரங்கூன் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்தவர். பர்மாவிலிருந்து மலைப் பாதையில் நடந்தே வந்தவர். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"டீச்சரம்மா எங்ககூடத்தான் நடந்தாவ. ஏழாம் நாளு காய்ச்சலு கண்டுட்டு. செத்த நேரம் படுக்கேன், நீங்க போங்க, பொறவு வாரேன்னாவ. நாங்களும்... போயிட்டோம்மா."

நான் மோர் கொடுத்தேன். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு மறுபடி பேசினார்.

"எம்மவளும் அவியகிட்டத்தான் படிச்சா. ஒங்க கடுதாசி வந்த அன்னைக்கு வகுப்புலயே வாசிச்சுக் காட்டுனாவளாம். 'எங்கக்கா என்னைய இந்த வருசமும் ஒங்களுக்கே குடுத்துட்டா'ன்னு சொன்னாவளாம். பிள்ளைக அம்புட்டும் கை தட்டுச்சுகளாம். எம்மவ வீட்டுக்கு வந்தும் தட்டிக்கிட்டே இருந்தா."

மகளை அவர் கூட்டி வரவில்லை. எங்கே என்று நானும் கேட்கவில்லை.

நம் சபைப் போதகர் ஐயரிடம் போய் உனக்காக ஜெபிக்கச் சொன்னேன். "போனவங்களுக்கு நாம ஜெபிக்கிறதில்லயேம்மா. உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான்" என்றார். நம் சபையின் முறை அது, எனக்கும் தெரியும். உன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த முப்பத்தொரு பேரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? எந்தப் பெயரைச் சொல்வது, எதை விடுவது? ஒன்றை விட்டால் அந்தப் பிள்ளையை நானே கொன்றதுபோல் இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னால் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் இருக்கிறது.

இன்று காலையும் முழங்காலில் நின்றேன். நாலைந்து பெயர் சொல்லியிருப்பேன். அதற்குள் கைதட்டல் கேட்டுவிட்டது. நான் ஒருநாளும் காதால் கேட்டிராத சத்தம். ஆனாலும் எத்தனை சின்னக் கைகள் என்றுகூட எனக்குத் தெரிகிறது. ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.