சீனி போடாத டீ

ஜூலை 3, திங்கள்

விடாத மழை. கூரை ஐந்து இடத்தில் ஒழுகல். ஐந்துக்கும் காலி பால் டின் வைத்தாயிற்று. டொக், டொக். தூக்கம் போச்சு.

காலை, ஆஸ்பத்திரி. சீசாவில் கொண்டுபோன மூத்திரத்தைக் கம்பவுண்டர் நீலத் தண்ணீரில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினான். நீலமாகவே நின்றால் உடம்பில் சர்க்கரை இல்லை. பச்சை பரவாயில்லை. மஞ்சள் மோசம். எனக்கு வந்தது செங்கல் நிறம்.

"ஃபிர் லால், சாச்சா." மறுபடியும் சிவப்பாம்.

லால் எல்லாம் உன் பெண்டாட்டி நெற்றியில் இருக்கட்டும், என் சீசாவில் எதற்கு என்று இந்தியில் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. மதராஸிலிருந்து வந்து மூன்று வாரம். மீசை இன்னும் பாதி வழியில் இருக்கிறது.

வலது கால் கட்டைவிரலைப் பார்த்தார். சிப்பி கிழித்த புண், ஆறவில்லை.

"பெரியவரே, சோறு நிறுத்தினீங்களா, இல்லையா?"

"இருபது நாளாச்சு."

"அப்ப ஏன் சிவக்குது? பதினெட்டாம் தேதி கப்பல் வருது. அதுக்குள்ள நிறம் மாறலேன்னா போர்ட் பிளேருக்கு அனுப்பிடுவேன். அங்க விரலை எடுத்துடுவாங்க."

ஏதோ பல்லைப் பிடுங்குகிற மாதிரி சொல்கிறார். விரல் என்னுடையது.

ஜூலை 4, செவ்வாய்

தின்றதை எழுதி வைக்கிறேன். நாளைக்கு எவனும் பேசக் கூடாது.

கா. முட்டை 2. டீ, சீனி இல்லாமல்.
பத்து மணி. கப்பல் ஜெட்டியில் டீ, சீ. இ.
மதியம். சூரை மீன் குழம்பு, முருங்கைக் கீரை. சோறு கிடையாது.
மா. டீ, சீ. இ. இரண்டு தடவை.
இரவு. மீன் வறுவல், தேங்காய்ச் சில், பால் பெரிய டம்ளர்.

மரவள்ளி, வாழைப்பழம், ரேஷன் கோதுமை எதையும் தொடவில்லை. பால் நானாகக் குடிக்கவில்லை. "பசிச்சா பால் குடிங்க, முட்டை சாப்பிடுங்க" என்று டாக்டரே சொன்னது.

பக்கத்து வீட்டில் சோறு வடித்த வாசனை. போய்ச் சண்டை போட்டேன். கஞ்சியை வெளியே ஊற்றினால் நாய் வருமாம், அதுதான் காரணமாம். நானே சொன்ன காரணம்.

ஜூலை 6, வியாழன்

அரிசிப் பானை இருக்கும் அலமாரிக்குப் பூட்டு. சாவி செல்லம்மா இடுப்பில்.

"ஆண்டனி கடைல பன்னு தின்னுட்டு வர்றீங்க. ஊதுங்க பாப்போம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து சாராயத்துக்குக்கூட என் வாயை மோந்து பார்க்காத பெண்டாட்டி. பன்னுக்கு மோந்து பார்க்கிறாள்.

ஜெட்டிக்குப் போய் ஆண்டனியைப் பிடித்தேன். தூத்துக்குடிக்காரன், இந்தத் தீவில் டீக்கடை அவன் ஒருத்தன்தான்.

"ஏலே, பழக்க தோசத்துல சீனி போட்டுட்டியா?"

"மாதா மேல சத்தியமா போடல அண்ணாச்சி. போடாமலே எப்படித்தான் இப்படி ருசிச்சுக் குடிக்கீகளோ!"

ஜூலை 8, சனி

மறுபடி செங்கல். இந்தத் தடவை டாக்டர் என்னிடம் பேசவில்லை. செல்லம்மாவிடம் சொன்னார், வரிசை முழுக்கக் கேட்க: "அம்மா, இவர் திருட்டுத்தனமா சாப்பிடறார்."

இருபத்தைந்து நாளாக ஒரு பருக்கை சோறு இல்லை. நான் திருடனாம்.

வீட்டுக்கு வந்ததும் செல்லம்மா என் டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டினாள். கப்பலுக்கு. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அந்த நீலத் தண்ணீரே பித்தலாட்டம். எதை விட்டாலும் சிவக்கும். நிரூபிக்கிறேன்.

ஜூலை 10, திங்கள்

கோபம் இன்னும் தீரவில்லை.

கா. ஆண்டனி கடையில் டீ. சீனி போடாதது, என் கண் முன்னாலேயே ஆற்றியது. பழுப்பு மருந்துச் சீசாவில் ஊற்றி, நன்றாக ஆறவிட்டு, என் சீசா என்று கொடுத்தேன். கம்பவுண்டர் எட்டுச் சொட்டு விட்டான், காய்ச்சினான். செங்கல்.

"லால்!"

எழுந்து நின்றேன். "டாக்டர்! அது ஆண்டனி கடை டீ! சீனியே போடாதது! டீக்கும் சர்க்கரை வியாதியா? அப்ப அதைக் கப்பல்ல ஏத்துங்க. கெட்டில் மூக்கை அறுத்து எடுக்கச் சொல்லுங்க!"

வரிசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கம்பவுண்டர் சோப்புப் போட்டுக் கழுவிய கையை இன்னொரு தடவை கழுவினான். டாக்டர் சீசாவை மோந்து பார்த்தார்.

"பால் எதுவானாலும் இதுல சிவக்கும். அது கிடக்கட்டும். இது எந்த மாட்டுப் பால்?"

"மாடா? இங்க மரம் இழுக்க யானைதான் இருக்கு. நீங்க வேணா கறந்து பாருங்க. இது டின் பால்."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"வீட்லயும் அதானா? நான் பால் குடிங்கன்னு சொன்னதும்..."

"அதேதான். வெந்நீர்ல கரைச்சு."

"ஐயோ பெரியவரே, அந்த டின்ல பாதி சர்க்கரை."

"நான் போடலையே!"

"கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிட்டான்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. "எந்தப் பால்னு கேக்காம விட்டது என் தப்பு" என்றார் டாக்டர், செல்லம்மாவிடமும் சொன்னார். அதுதான் இன்னும் ஆத்திரம். இனி அந்த ஆளோடு சண்டையும் போட முடியாது.

டின் பால் இனிக்கும் என்று எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாகக் குடிக்கிறேன். நாக்குக்குத் தெரியும். நாக்கு வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

சோறு இல்லை. பால் இல்லை. கறுப்பு டீ, காயம் கழுவிய தண்ணீர் மாதிரி. தலைவலி.

ஆண்டனி: "துளிக் கருப்பட்டி போடட்டா அண்ணாச்சி?"

"உன் தலையில போடுலே."

செல்லம்மாவும் கறுப்பு டீ குடிக்கிறாள். உனக்கென்ன கேடு என்று கத்தினேன்.

"நான் பால் ஊத்திக் குடிச்சா, நீங்க என் டம்ளரையே முறைச்சுக்கிட்டு இருப்பீங்க."

உண்மை. அதனால் இன்னும் கத்தினேன்.

ஜூலை 14, வெள்ளி

மஞ்சள். புண்ணின் ஓரம் கொஞ்சம் காய்ந்த மாதிரி. டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் கட்டியே இருக்கிறது. அதில் என் சட்டை இரண்டு, அவள் சேலை இரண்டு. தானும் வருவதாக என்னிடம் சொல்லவேயில்லை.

கூரை டின்னில் ஒன்றை எடுத்து வெளியே எறிந்தேன். ஒழுகல் என் தலையணையில்.

ஜூலை 18, செவ்வாய்

கா. கப்பல் ஊதியது. பெட்டியோடு ஆஸ்பத்திரி. கம்பவுண்டர் முதலில் சீசாவை மோந்து பார்த்தான். டாக்டரும் மோந்து பார்த்தார். பிறகுதான் எட்டுச் சொட்டு. செல்லம்மா சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஹரா, சாச்சா! ஹரா!"

பச்சை.

டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். "இந்தக் கப்பல் வேண்டாம். அடுத்ததுக்குப் பாக்கலாம். பால் மட்டும்..."

"அந்தப் பேரை வாயிலயே எடுக்காதீங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். வழி ஜெட்டியைத் தாண்டித்தான். நான் ஏற வேண்டிய கப்பலிலிருந்து முதலில் இறங்கியவை பால் டின் பெட்டிகள். ஆண்டனி பல்லைக் காட்டிக்கொண்டு அடுக்குகிறான். ஒரு பால் பெட்டியை உதைக்கக் காலைத் தூக்கினேன்.

"அந்தக் கால் இல்லைங்க!" என்றாள் செல்லம்மா.

இறக்கிவிட்டு, இடது காலால் உதைத்தேன்.