பொரிக்குள் வைத்த கேமரா

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
ஆடி 7, புதன்.

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

இதை மகேஷ்குமார் கையில் கொடுத்து அனுப்புகிறேன். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை இங்கிருந்துதான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். போனில் சொல்லக்கூடிய செய்தி இல்லை. இந்த மாடி அறையில் நான் பேசுவது எல்லாம் அத்தைக்குக் கேட்கும். வெளியே போய்ப் பேசினால், எதற்கு வெளியே போனாய் என்று கேட்பார். படிக்கும்போது கூட யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்ன செய்தி. உங்கள் கேமரா கடலில் நனைந்துவிட்டது.

முதல் சம்பளத்தில் அத்தைக்கு வாங்கிக் கொடுத்தீர்களே, அந்த வெள்ளி நிறக் கேமரா. அட்டைப் பெட்டியோடு பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு நடுவில் இருந்தது. இங்கே வரப் புறப்பட்ட அன்று மாத்திரைப் பைக்குப் பக்கத்தில் அத்தையே எடுத்து வைத்தார். எதற்கு என்று கேட்டேன். ஒரு படம் எடுக்கணும் என்றார். என் போனில் எடுக்கலாமே என்றேன். "போன்ல எடுத்தா போன்லயே கெடக்கும். இதுல எடுத்தாத்தான் படம்" என்றார்.

எந்தப் படம் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

மாமாவின் படம் உங்களுக்கு நினைவிருக்கும். இறந்த அன்று அவசரத்தில், கூட்டுறவு பாங்க் பாஸ்புக்கில் இருந்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டீர்கள். முத்திரையின் ஒரு வளைவு இன்னும் தோளில் நிற்கிறது. "எனக்கு அது வேண்டாம்ட்டி வேணி. பாஸ்புக்குல உள்ளதப் பெருசாக்கி மாட்டிராதீங்கோ. சீலு குத்துன மூஞ்சியோட செவுத்துல இருக்க எனக்கு ஏலாது. நானே பாத்து எடுத்து வச்சிட்டுப் போறேன்." கஞ்சிக்கு உப்பு கேட்கிற குரலில் அத்தை இதைச் சொன்னார்.

செக்கப் என்று உங்களிடம் சொன்னோம். செக்கப் இல்லை. மூன்று முறை மருந்து ஏற்றியாயிற்று. முடி முழுவதும் போய்விட்டது. வீடியோவில் கூப்பிட்டால் நெட் இல்லை என்று அத்தை சொல்வது அதனால்தான். போனில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். கடிதத்தைப் பற்றி அவருக்குத் தோன்றவில்லை.

போன வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து முடிந்ததும், கடல் பார்க்கணும் என்றார். ஆட்டோவில் சங்குமுகம் போனோம். ஆடி மாதக் கடல். கரையில் பாதி மண் இல்லை. கயிறு கட்டி வைத்திருந்தார்கள். "கொளச்சல்ல பொறந்தவளுக்குக் கயிறு கெட்டிக் கடலு காட்டுதானுவோ" என்றார். ஆனாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

தலையில் கட்டியிருந்த துணியை அவரே அவிழ்த்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். இப்படியேயா என்று கேட்டேன். "இப்படித்தானே இருக்கேன்" என்றார்.

பத்துப் படம் எடுத்தேன். பத்திலும் கண் மூடியிருந்தது. கேமராவைப் பார்த்தால் அத்தைக்கு இமை நிற்காது, உங்களுக்குத் தெரியும். "ஒனக்கு எம்.ஏ. குடுத்தவன எனக்கு ஒருக்கா பாக்கணும்ட்டி. ஒரு படம் எடுக்கத் தெரியல்ல" என்று திட்டினார். அப்போது ஒரு விமானம் வந்தது. அங்கே அவை வயிறு தெரிகிற உயரத்தில் போகின்றன. அத்தை நிமிர்ந்தார். "சங்கரன் போன பிளேன் இதாட்டி?" நான் பதினொன்றாவதை அழுத்தினேன். அழுத்திவிட்டு நானும் நிமிர்ந்தேன். எந்த ஊர் விமானம் என்று எனக்கு எப்படித் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் நிமிர்கிறேன், மூன்று வருடமாக. இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். அலையைப் பார்க்க ஆள் இல்லை.

இடுப்பு வரை வந்தது. அத்தையைப் பிடித்தேன். கேமராவை விட்டேன். திரும்பிப் போகிற தண்ணீரில் அது உருண்டது. காலால் தடுத்து எடுத்தேன். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அத்தை கேமராவை எடுத்துக்கொண்டு கால் கழுவுகிற குழாய்க்குப் போய்விட்டார். தண்ணீருக்கு அடியில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, மீன் கழுவுவதுபோலக் கழுவினார். நான் கத்தினேன். அறிவிருக்கா, இது பித்தளைக் குடமா என்று. கல்யாணமாகி நாலு வருடத்தில் அத்தையிடம் முதல் முறை. வேர்க்கடலை விற்கிறவர் திரும்பிப் பார்த்தார். அத்தை கையை நிறுத்தவில்லை. "உப்புவெள்ளம்ட்டி. கழுவாம வச்சா அரிச்சுப் போவும்" என்று மட்டும் சொன்னார்.

அறைக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பதினொன்றாவது விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். திரை ஒரு கணம் நீலமானது. அணைந்தது. அதோடு சரி.

மறுநாள் கிழக்கேகோட்டைக்குக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஷிஜா என்ற பெண் போனும் கேமராவும் பழுது பார்க்கிறாள். என்னைவிடச் சின்னவள். "ஓன் ஆக்கிப் பாத்தீங்களோ சேச்சி?" என்றுதான் முதலில் கேட்டாள், ஆன் செய்து பார்த்தேனா என்று. ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். "எல்லாரும் இதுதான் செய்யும். வெள்ளத்துல போனதுக்குப் பாதி சீவன் இருக்கும். ஓன் ஆக்கி நாமளே கொல்லும்." குழாயில் கழுவியதையும் சொன்னேன். அதற்கும் திட்டுவாள் என்று நினைத்தேன். "அது ஆரு செய்தது? நல்ல புத்தி. உப்பு உள்ள இருந்திருந்தா இதுக்குள்ள கார்டு வரைக்கும் தின்னிருக்கும்."

கேமரா இனி எழாது என்றாள். கார்டு பிழைக்கலாம். ஆனால் மணல் இறுக்கி, அது உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தோடு இழுத்தால் முறியும். நன்றாகக் காய வைத்துக் கொண்டுவாருங்கள், அரிசிக்குள் போட்டு வையுங்கள் என்றாள்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன், கழுவியதுதான் நல்லதாம் என்று. அவர் என்னைப் பார்த்தார். "எம்.ஏ.க்காரி சொல்லிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

காய வைப்பது. இந்த ஊரில், இந்த மாதத்தில். கொடியில் போட்ட பாவாடை ஐந்தாம் நாளும் ஈரம். தீக்குச்சியை உரசினால் மருந்து உதிர்கிறது. தலையணையில் மழை வாசனை. அரிசி வாங்கப் பழவங்காடிக்குப் போனேன். பிள்ளையார் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு அவலும் பொரியும் விற்கிற கடை. தங்கப்பன் என்று ஒருவர். எதற்கு அரிசி, எத்தனை பேருக்கு என்று விசாரித்தார். சொன்னேன். சிரிக்கவில்லை. "மழைக்காலத்துல அரிசியே ஈரமாக்கும் மோளே. பொரி கொண்டு போ. ஈரம் கண்டா ஒடனே நமத்துப் போவும். டெய்லி மாத்து. என்னிக்கு மொறுமொறுன்னு நிக்குதோ அன்னிக்குக் காஞ்சுதுன்னு வச்சுக்கோ."

மூடி இறுகிய ஒரு டின். வெள்ளைத் துணியில் சுற்றிய கேமரா. சுற்றிலும் பொரி. மறுநாள் காலை திறந்தேன். எல்லாம் துவண்டு கிடந்தது.

கொட்டப் போனேன். "கொண்டா இங்க" என்றார் அத்தை.

வாய் முழுக்கப் புண் அவருக்கு. கஞ்சி எரிகிறது. இட்லி தொண்டையில் நிற்கிறது. நமத்த பொரியை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து, மேலண்ணத்தில் அழுத்தி, கரைத்து விழுங்கினார். ஒரு கிண்ணம். மூன்று வாரத்தில் அவர் கேட்டு வாங்கித் தின்றது அது ஒன்றுதான். "சங்கரன் கேமரா குடிச்ச வெள்ளத்த நான் திங்கேன்" என்று சிரித்தார். சிரித்தால் புண் வலிக்கும். வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது, நல்லா சாப்புடுதேன் மக்கா, பொரியெல்லாம் திங்கேன் என்று சொன்னது பொய் இல்லை. நீங்கள் சிரித்தீர்கள். அங்கே என்ன திருவிழாவா என்று கேட்டீர்கள்.

ஒவ்வொரு காலையும் டின்னைத் திறக்கும்போது ஒரே கேள்வி. காஞ்சாச்சா? இன்னும் இல்லை என்பேன். கிண்ணத்தை நீட்டுவார்.

பகலில் அவர் தூங்குகிறார். எனக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. கீழே யாரோ யாரையோ மலையாளத்தில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். புரிகிற அளவுக்குத் தெரியும். பதில் சொல்கிற அளவுக்குத் தெரியாது. ஒரு நாள், காலையிலிருந்து நான் பேசிய சொற்களை எண்ணினேன். இருபத்து மூன்று. எண்ணி முடித்த பிறகு அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. உங்களுக்கு அப்போது டியூட்டி.

தீபாவளிக்கு என்றீர்கள். பிறகு பொங்கலுக்கு. பிறகு சித்திரைக்கு. குறையாக எழுதவில்லை. லீவு அவன் கையிலயா இருக்கு என்று அத்தையே எனக்கு எடுத்துச் சொல்வார்.

திங்கட்கிழமை டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நாலாவது முறை மருந்து வேண்டாம் என்றார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பிடித்ததைக் கொடுங்கள் என்றார். நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார். மகன் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். எங்கே இருக்கிறார் என்று கேட்பார் என நினைத்தேன். எப்போது வருவார் என்று கேட்டார்.

வெளியே அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "பசிக்குதாட்டி?" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று காலை டின்னைத் திறந்தேன். கை வைத்ததும் சத்தம் கேட்டது. மொறுமொறுவென்று. அத்தைக்கும் கேட்டிருக்கும். ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். அது குத்தியது. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார், கரைகிற வரைக்கும். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். காஞ்சாச்சா என்று கேட்கவில்லை. இன்று காலையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் நேற்று மத்தியானம், அவர் தூங்கும்போது, ஷிஜாவிடம் போனேன்.

கார்டு முறியாமல் வந்தது. அவள் கம்ப்யூட்டரில் போட்டாள். முதலில் பழைய படங்கள். நூறுக்கு மேல். எனக்குத் தெரியாத நீங்கள். கோடு போட்ட சட்டையில், ஏதோ ஒரு மொட்டை மாடியில். ஒன்றில் முதுகைக் காட்டி நிற்கிறீர்கள். கழுத்து. தினமும் உங்கள் குரலைக் கேட்கிறேன். கழுத்தை மறந்திருந்தேன். ஷிஜா அடுத்த படத்துக்கு உடனே போகவில்லை.

பிறகு கடல். பத்துப் படங்களில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

பதினொன்றாவது இருக்கிறது. அடியில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் கோடுகள். மற்றபடி முழுதாக இருக்கிறது. முடி இல்லாத தலை. தூக்கிய தாடை. இரண்டு கண்ணும் திறந்து. வாய் பாதி திறந்து, ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிற வாய். என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்க்கிறார். எதை என்பது படத்தில் இல்லை. அத்தையை நான் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

ஷிஜாவும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல படம் சேச்சி, எந்த சைஸில் பிரிண்ட் போடணும் என்று கேட்டாள். ஆல்பத்துக்கா, சுவரில் மாட்டவா? அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் போனுக்கு அனுப்பலாம். ஒரு நிமிட வேலை. அனுப்ப மாட்டேன். அனுப்பினால் அதைப் பார்த்துவிட்டு நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஊருக்குப் புறப்படுகிறோம். கார் சொல்லியிருக்கிறேன். அத்தைக்கு நேற்றிலிருந்து லேசான காய்ச்சல். வழியில் பின் சீட்டில் படுத்துக்கொள்வார்.

எந்த சைஸ் என்பதை நான் சொல்ல முடியாது. மகன் சொல்ல வேண்டியது அது. போனில் சொல்லாதீர்கள். யாரிடமும் சொல்லி அனுப்பவும் வேண்டாம். வந்து, அத்தைக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருங்கள். பிறகு சொல்லுங்கள். நீங்கள் வந்து நிற்கிற வரைக்கும் அதை நான் பிரிண்ட் போட மாட்டேன். அத்தை கேட்டாலும் போட மாட்டேன்.

உங்களுக்கு அத்தையின் ஆசீர்வாதம். அவர் சொல்லி எழுதவில்லை, தூங்குகிறார். நானே எழுதுகிறேன்.

உங்கள்,
கிருஷ்ணவேணி