நாலாம் தூக்கம்

4-9-1975

மழையே இல்லாமல் நேற்று ஓர் இடி. காலையில் பார்த்தால் புழு அறையின் ஓட்டில் பொத்தல். அதன் கீழிருந்த தட்டு கருகி, அதிலிருந்த பட்டுப்புழுக்கள் எல்லாம் போய்விட்டன. நடுவில் ஒன்று மட்டும் நெளிகிறது. பட்டுப்புழு இல்லை. கட்டைவிரல் பருமன், கரிக்கறுப்பு. கண் இல்லை, வாய் குறுக்கே பிளக்காமல் நெடுக்கே பிளக்கிறது. பட்டுப்புழு தொட்டால் சில்லென்றிருக்கும். இது அப்போதுதான் இறக்கிய இட்லி. இந்தப் பூமியில் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"தூக்கிப் போடுங்க" என்றேன். என் வீட்டுக்காரரோ அதற்கு மல்பெரி இலை நீட்டிக்கொண்டிருந்தார். "தின்னுது பாரு, மேரி!" பிலவேந்திரன் என்று பெயர் வைத்ததற்குப் பதில் பிடிவாதம் என்று வைத்திருக்கலாம்.

10-9

தட்டில் போட்டால் தொடாது. நான் நீட்டினாலும் தலையைத் திருப்பிக்கொள்ளும். அவர் கையிலிருந்து மட்டும்தான். மோப்பத்தில்தான் கண்டுபிடிக்கிறது. அவர் தோட்டத்துக்குள் நுழையும்போதே நிமிர்ந்துவிடுகிறது.

18-9

தின்பதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கியபடி அசையாமல் இருக்கிறது. பட்டுப்புழுவும் தோல் உரிக்கும் முன் இப்படித்தான். ஆயுசுக்கு நாலு தடவை. இந்தப் பக்கத்தில் எல்லோரும் அதை ஜொரம் என்பார்கள். தழை பறிக்க வரும் மாதம்மாள் வாசலிலிருந்தே கத்தினாள்: "அக்கா, உங்க கறுப்புப் புழுவுக்கு ஜொரங்க!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. பெல்லா போனதிலிருந்து கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனபின், "இனிமே இந்த வூட்டுல தூக்கம்னுதான் சொல்லணும்" என்று அவர்தான் சொன்னார். தூக்கம் என்றே சொல்கிறோம்.

19-9

அவரும் படுத்துவிட்டார். சாப்பாடு வேண்டாமாம். உடம்பு கொதிக்கிறது. இந்த வீட்டில் இன்னொரு கொதிக்கிற உடம்பா? என்னால் முடியாது, சேசுவே.

21-9

இரண்டும் ஒன்றாக எழுந்தன! குளிக்கும்போது அவர் முதுகுத்தோல் வெங்காயச் சருகாகக் கழன்றது. சின்ன வயதில் மணிக்கட்டில் சூடுபட்ட தழும்பு இருந்த இடம் தெரியவில்லை. சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உரிந்த தோலை அது தின்றதை நான் பார்த்தேன். இப்போது சுரைக்காய் அளவு. அதன் முன்காலில் அவருடைய தழும்பு, அதே வளைவோடு.

2-10

இரண்டாம் தூக்கமும் ஆயிற்று. அவருக்கு முட்டிவலி போய்விட்டது. பாப்பாரப்பட்டி வரை நடந்தே போய் வந்தார். ஆனால், "நமக்கு எந்தக் கோயில்ல கல்யாணம் ஆச்சு?" என்று கேட்கிறார். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை.

அதற்கு இலை பிடிக்கவில்லை. வயிற்றுக்கடியில் இன்னொரு வாய் திறந்திருக்கிறது. கோழியை இறகோடு விழுங்குகிறது.

5-10

அவர் வெளியே போன நேரம் பார்த்து, ஒரு குண்டான் கொதிக்கிற நீரை அதன் மேல் கொட்டினேன். கூட்டுக்குள் இருக்கும் புழுவை அப்படித்தானே கொல்கிறோம். அது அசையவில்லை. அலறியது அவர், தோட்டத்தில். முதுகெல்லாம் கொப்புளம். நான்தான் மருந்து போட்டேன். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. அதைக் கொன்றால் இவரைக் கொன்றதாகும். என்னதான் செய்வது?

14-10

மூன்றாம் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருக்கிறது. பட்டுப்புழுத் தட்டுகளைப் பார்த்துவிட்டு உற்சாகமாகக் கூப்பிட்டார்: "மேரி, புழுவெல்லாம் ஜொரத்துக்கு உக்காந்திருச்சு!"

பெல்லா, என்றேன். "யாரு, மாதம்மா புள்ளையா?"

பாவி மனுசா! அவளைத் தூங்க வைக்க நீதானே சீட்டியடிப்பாய்!

15-10

அந்தச் சீட்டி புழு அறைக்குள்ளிருந்து கேட்கிறது.

17-10

கன்றுக்குட்டி அளவு. நேற்று ஆடு. வாயில் நூல் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பை வளைத்து, அவருக்கு இடம் விட்டு, சுற்றிலும் நூலால் அளவு பார்க்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. சில சமயம் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடு கட்டிவிடும். இரட்டைக் கூடு. நூல் சிக்கிக்கொண்டு பிரிக்கவே வராது. நாலாம் தூக்கம் முடிந்ததும் இவரை உள்ளே வைத்துக் கட்டப்போகிறது.

"போகாதீங்க" என்றேன். "கை கேக்க மாட்டேங்குது மேரி" என்று குழந்தை மாதிரி சொன்னார்.

18-10

புழு வளர்க்கிற யாருக்கும் தெரிந்த ஒன்று: ஒரே தட்டில் தூக்கம் முன்பின்னாகக் கலந்துவிட்டால் கூடு சரியாக வராது. மூன்று தூக்கம் அவரோடு, நாலாவது வேறொருவரோடு என்றால்? அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் என் கையிலும் தின்னும்.

ஆனால் ஒவ்வொரு தூக்கமும் முந்தியதைவிட ஆழமாகத் தோண்டுகிறது. நாலாவது என்னிடம் எதை எடுக்கும் என்று தெரியாதா எனக்கு? எடுக்க வேறென்ன இருக்கிறது என்னிடம்?

இவரும் மறந்தாயிற்று. நானும் மறந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? பெற்றவள் செய்கிற காரியமா இது? ஆனால் இவர் உயிரோடு இருக்கிறார். என் எதிரில் உட்கார்ந்து கூழ் குடிக்கிறார். எப்படி விடுவேன்?

19-10

அவரை உட்காரவைத்து பெல்லாவின் கதையைச் சொன்னேன். புழு இலை தின்கிற சத்தத்தைத் தட்டில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, மழை" என்பாள். துணி எடுக்க என்னை வெளியே ஓடவைத்துச் சிரிப்பாள். ஊரார் கதை கேட்பதுபோல் கேட்டார். முடித்ததும், "இன்னொருக்கா சொல்லு" என்றார்.

23-10

தினமும் சொல்கிறேன். இன்று அவரே சொல்லிக் காட்டினார். ஓரிடத்தில் தப்பு, கோபத்தில் கத்திவிட்டேன். பச்சைப் பாவாடைங்க, நீலமில்லை! திருத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. போதும்.

24-10

அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் அழுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். தின்றது. நெடுக்கே பிளந்த அந்த வாய் உள்ளங்கையில் பட்டது. அங்கே அவர் கதவை இடித்துக்கொண்டிருந்தார்.

28-10

உடம்பு கொதிக்கிறது. பெல்லா. பெல்லா. பச்சைப் பாவாடை. தூக்கம் என்றே எழுது, ராஜமேரி. தூக்கம்.

2-11

மூன்று நாள் படுக்கையில் கிடந்தேனாம். தலை இன்னும் கிறுகிறுக்கிறது, முன்னால் எழுதியதைப் படிக்கக் கண் கூசுகிறது. அந்தக் கறுப்புச் சனியன் பாதிக் கூடு கட்டி, நூல் சிக்கிச் செத்துவிட்டதாம். அவரும் மாதம்மாளும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்திருக்கிறார்கள். தொலைந்தது.

பட்டுப்புழுவெல்லாம் ஜொரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "தூக்கம்னு சொல்லு மேரி." என்ன புது வழக்கமோ.

இன்று கல்லறைத் திருநாள். கையைப் பிடித்து அழைத்துப்போனார். ஒரு சின்னக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். பச்சைப் பாவாடை கட்டிய பிள்ளையாம். புழுத்தட்டில் காது வைத்து, "அம்மா, மழை" என்று ஏமாற்றுமாம். சொல்லும்போதே தேம்பித் தேம்பி அழுதார்.

எனக்கும் தாங்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ.