இரண்டாவது லாரி

பிப்ரவரி 9, திங்கள்

சிப்பாய்களின் சீருடைச் சட்டைக்குக் காலர் வைத்து வைத்துக் கட்டைவிரல் வீங்கிக் கிடக்கிறது. பாலத்தை மூடினவனுக்கே சட்டை தைத்துக் கொடுக்கிறேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

பக்கத்து மெஷின்காரி ஆறுதல் சொல்கிறாளாம். "சின்னவ உங்க நாத்தனார்கிட்டதானே இருக்கா? சொந்த அத்தைதானே, நிம்மதியா இருங்க." அவள் பிள்ளைகள் நாலும் அவள் வீட்டில் தூங்குகின்றன. வாயில் நன்றாக வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 11

அவரோடு இன்றும் பேச்சில்லை. தட்டை வைத்தேன், சாப்பிட்டார், போனார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுதினால்தான் தீரும். இல்லையென்றால் தலை வெடித்துவிடும்.

அவர் அப்போது பஸ் டிரைவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, பள்ளத்தில் கவிழ்ந்த வண்டியிலிருந்து ஒரு குடும்பத்தையே, ஒருவர் மிச்சமில்லாமல், பிணமாக வெளியே எடுத்துப் போட்டவர். அதிலிருந்து ஒரு சட்டம்: குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் ஏறக்கூடாது. விசேஷத்துக்குப் போனால்கூட இரண்டு பஸ்ஸில் போவோம். "பெரிய ராஜ பரம்பரை, ஆளுக்கொரு வண்டி" என்று சொந்தக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஊரைக் காலி செய்யச் சொன்ன அன்று தெருமுனைக்கு இரண்டு லாரிகள் வந்தன. முதல் லாரியில் நான், அவர், பெரியவள். சின்னவள் வாலுவை என் இடுப்பிலிருந்து பிடுங்கி, தன் தங்கை கையில் கொடுத்து, இரண்டாவது லாரியில் ஏற்றிவிட்டார். "பாலம் தாண்டினதும் வாங்கிக்கலாம், என்ன இப்போ?" என்றார். எங்கள் லாரி தாண்டியது. பின்னால் தடுப்பை இறக்கிவிட்டார்கள். அவ்வளவுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடாம். நாலு வயசுப் பிள்ளை. மூணு வருஷம் ஆச்சு.

எங்கள் லாரியில் இடம் இருந்தது. எவனோ பீரோ ஏற்றியிருந்தான். பீரோவுக்கு இருந்த இடம் என் பிள்ளைக்கு இல்லையா? இந்த மனுஷனை நான் என்னதான் செய்ய?

மார்ச் 2

நிவாரண ஆபீஸ் குமாஸ்தா சொன்னார்: "சின்னப் பிள்ளைங்களை மட்டும் பாலத்துல ஒப்படைக்கப் போறாங்க. பெரியவங்களுக்கு அனுமதி இல்ல."

"அப்போ என் நாத்தனார்?"

"கிடைக்கிறதை வாங்கிக்கிட்டுப் போங்கம்மா."

"ஏன், ரேஷன் சாமானா போடுறீங்க?" என்று கேட்டே விட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

வீட்டில் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "தங்கச்சி?" எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "என் பிள்ளையைப் பிரிச்சப்போ இந்த வாய் எங்க போச்சு?" சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறாரா? அழட்டும்.

மார்ச் 19

பாலம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாத்தனார், இளைத்துப் பாதியாக. வாலுவின் கையைச் சிப்பாய் வந்துதான் பிரிக்க வேண்டியிருந்தது. வாலு நடந்து வந்து, எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள்.

அங்கிருந்தே நாத்தனார் கத்தினாள். "அண்ணி, அவளுக்குப் பால் ஒத்துக்காது. இருட்டுல தனியா படுக்க மாட்டா. காதுல சீழ் வரும், தண்ணி படாம பாத்துக்கோங்க." என் பிள்ளையைப் பற்றி எனக்கே பாடமா என்று எரிந்தது. ஆனால் எந்தக் காது என்று நான்தான் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. அது அதைவிட எரிந்தது.

அவர் தங்கையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவள் பார்த்தாளோ என்னவோ, அதற்குள் எல்லோரையும் விரட்டிவிட்டார்கள்.

மார்ச் 20

ராத்திரி முழுக்க "அத்தை, அத்தை". என்னை "நீங்க" என்கிறாள்.

மார்ச் 24

தலை வாரும்போது என் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தமே வந்துவிட்டது. பெரியவள் அடிக்கக் கை ஓங்கினாள், தடுத்துவிட்டேன். கடிக்கட்டும். அவளுக்கும் கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டாமா?

ஏப்ரல் 5, ஞாயிறு

சாப்பிடும்போது வாலு கேட்டாள். "அக்காவை மட்டும் கூட்டிட்டுப் போனீங்க. என்னை ஏன் அந்த லாரியில ஏத்துனீங்க?"

இந்தக் கேள்வியை அவர் காதுபட யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. உங்கப்பாவைக் கேளு. இரண்டே சொல். அவர் தட்டில் வைத்த கையை எடுக்காமல், சொல்லட்டும் என்று தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"முதல் லாரியில இடமே இல்லடி" என்றேன்.

"மடியில வச்சிருக்கலாம்ல?"

"வச்சிருக்கலாம். அம்மாவுக்குத் தோணல."

வாலு என்னை முறைத்துவிட்டு, தட்டை நகர்த்திக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் எழுந்து போய்க் கை கழுவினார், குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்குக் கோபம் போய்விட்டதா? எங்கே போகும். ஆனால் பெரியவர்களுக்கும் இப்போது மனு வாங்குகிறார்களாம். நாத்தனாரைக் கூட்டி வர மனுப் போட வேண்டும், அதற்கு அண்ணன்காரன்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். நாளைக்கு அவரிடம் பேசியாக வேண்டும்.