வட்டத்துக்குள் ஆர்

2-11-98, திங்கள்

விடாத தூறல். குடைக் கம்பி ஒன்று போயிற்று. கடைவாய்ப் பல் வலி.

பள்ளி விட்டு நேராகச் செக்காலை ரோடு, சோலையப்பச் செட்டியாரின் கம்ப்யூட்டர் சென்டர் (இனி சோ.). அவர் வெளியிடும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் சிடிக்குத் தமிழில் வெளியீட்டுக் குறிப்பு எழுதும் வேலை. எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதிச் சும்மா கொடுத்த சிஸ்டம். நகல் எடுக்கலாம், விற்கலாம், பெயரும் வைக்கலாம். சோ. வைத்த பெயர் 'மெ.சித. சிஸ்டம்'. மெ.சித. அவர்கள் குடும்ப விலாசம், பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல். பர்மாக் கடைப் பலகையில் இருந்த எழுத்துகள். ரங்கூன் போயிற்று, எழுத்துகள் மிச்சம்.

இங்கிலீஷ் மூலத்தில் கண்ட விதிகள்:
1. பிறருடைய வணிகப் பெயர் முதல் தடவை வரும் இடத்தில், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர். பதிவாகாத பெயருக்கு டி.எம்.
2. அந்தப் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது.
3. கடைசியில் ஒரு வரி: இப்பெயர்கள் அவரவர் உடைமை, அவர்களுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை.

எங்கள் தமிழ் எழுத்துருவில் அந்த வட்டம் இல்லை. அதன் இடத்தில் வேறொரு எழுத்து குடியிருக்கிறது. மைப்பேனாவால் வரைகிறேன்.

அடிக்கடி வருவது ஒரு பெரிய கம்பெனியின் பெயர். இங்கே எழுதவில்லை. எழுதினால் வட்டம் போட வேண்டும். சென்டரில் பிள்ளைகள் பழகும் மெஷின் அத்தனையிலும் ஓடுவது அந்தக் கம்பெனியின் சிஸ்டம்தான். மதுரையில் நடைபாதையில் வாங்கிய ஒரே சிடியிலிருந்து ஏற்றியது. பெயருக்கு மரியாதை உண்டு, சரக்குக்கு இல்லை. ஊரில் எல்லாச் சென்டரிலும் இப்படித்தான்.

5-11-98, வியாழன்

மழை. கிராம்பு வைத்தும் பல் அடங்கவில்லை.

சோ. குறிப்பு முழுவதையும் படித்தார். விதி மூன்றில் நின்றுவிட்டார்.

"என்ன வாத்தியாரையா, அத்தன பேரையும் ஒத்த வரியில முடிச்சுப்புட்டீக. பேரு போடலையின்னா கோவிச்சுக்கிட மாட்டாகளா?"

போட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள் என்றேன்.

"பேரு போட்டதுக்குக் கோவப்பட்ட மனுசன நான் இன்னும் பாக்கல."

சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டும். மகள் கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போய், நாலு பக்கத்தையும் மறுபடி அச்சடித்தவர். சிடியின் அட்டையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். உள்ளே இருப்பதற்கு மட்டும் நான் பொறுப்பு என்றேன். வீட்டுக்கு நடக்கும்போது அது நல்ல ஏற்பாடாகவே தோன்றியது.

11-11-98, புதன்

சிவகாசியிலிருந்து நேற்றே அட்டை வந்திருக்கிறது. பார்த்தது பார்த்தபடி:

மேலே 'உ'. நடுவில் பொன்னிறத்தில் 'மெ.சித. சிஸ்டம்'. அடியில் 'கீழ்க்கண்ட கம்பெனியார்களின் நல்லாசியுடன்'. பிறகு இரண்டு பத்தியாகப் பெயர்கள். பெரிய கம்பெனிக்குத் தலைமை இடம், கலரில் அவர்கள் சின்னமும். ஓரத்தில் 'தங்கள் நல்வரவை விரும்பும்', சோ. பெயர், என் பெயர் எம்.ஏ., பி.டி.

வட்டம் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கு உறுத்தலாக இருந்ததென்று எடுத்துவிட்டாராம்.

வேறு அட்டை அடிக்கும்வரை ஒரு சிடியும் வெளியே போகக் கூடாது என்றேன். 22ஆம் தேதி வெளியீட்டு விழா, மண்டபம் சொல்லியாயிற்று என்றார். பரவாயில்லை, தள்ளிவைக்கலாம் என்றேன்.

"பத்திரிகை போயிருச்சே."

யாருக்கு என்று கேட்டேன்.

அட்டையில் பெயர் உள்ள எல்லோருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஆளுக்கொரு சிடியுடன், ரிஜிஸ்டர் தபாலில். பெரிய கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசுக்கும் சேர்த்து. பெயரைப் போட்டுவிட்டுப் பத்திரிகை வைக்காமல் இருந்தால் நல்லாயிருக்குமா என்று என்னையே கேட்டார்.

பல் வலி நின்றுவிட்டது.

14-11-98, சனி

குழந்தைகள் தினம். பள்ளியில் மிட்டாய். மெட்ராஸிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. இப்படி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

16-11-98, திங்கள்

போன் வந்திருக்கிறது. சோ. வாசலிலேயே நின்றார்.

"வர்றாகளாம்!"

மெட்ராஸிலிருந்து ஒரு பெண் குரல். ரொம்ப மரியாதை. சென்டர் எந்தத் தெரு, பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம், உள்ளே எத்தனை மெஷின் என்று விசாரித்ததாம்.

"ரெண்டு கூட்டியே சொன்னேன். கௌரவமா இருக்கட்டும்னு."

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். தேவகோட்டையில் அவருடைய பங்காளி ஒருவர் ஹார்டுவேர் கடை வைத்து, போர்டில் மெ.சித. என்று எழுதிக்கொண்ட கதை ஊருக்கே தெரியும். அந்தப் போர்டில் 'அண்ணன் சோலையப்பன் நல்லாசியுடன்' என்றும் எழுதியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"கேஸு போட்டேன்ல."

ஆமாம் என்றேன்.

"கோர்ட்டு ஆளக் கூட்டிப்போயி, கடைக்குள்ள இருந்த சரக்கெல்லாம் ஜப்தி பண்ண வச்சேன்ல."

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் எழுந்து, மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கடைசிவரை நடந்தார். தூக்கிக்கொண்டு போனால் மிஞ்சுவது நாலு சுவரும் போர்டும். திரும்பி வந்தபோது வேறு ஆள்.

18-11-98, புதன்

முடிவு: அவர்கள் வருவதற்குள் எல்லா மெஷினிலும் பழையதை அழித்து, நம் சிஸ்டத்தை ஏற்றுவது. என் குறிப்பை வைத்து.

அதை ஒருவர் படித்துச் செய்து பார்ப்பது இதுவே முதல் தடவை. 'இதைச் செய்தால் எல்லாம் அழிந்துவிடும்' என்ற எச்சரிக்கையை, செய்ய வேண்டிய காரியத்துக்கு அடுத்த பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் பரீட்சை மார்க் முழுவதும் போயிற்று. வட்டங்கள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன.

மதுரை சிடியை மீனாள் ஆச்சி வாங்கி வெந்நீர் அடுப்பில் போட்டார். சோ.வின் மனைவி. முன்னறை மெஷினில் ஜாதகப் பொருத்தம் பார்த்துச் சொல்பவர். நாச்சியாபுரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். அடுப்பு நாறியது. ஆச்சி சோ.வைப் பற்றிச் சொன்னார்.

"இவுக பத்திரிகை வைக்காத ஆளு எமன் ஒருத்தன்தான். அவனுக்கும் வச்சுட்டாக."

20-11-98, வெள்ளி

உள்ளறை முழுவதும் முடிந்தது. மிச்சம் ஆச்சியின் மெஷின். ஜாதக சாப்ட்வேர் பழைய சிஸ்டத்தில் மட்டுமே ஓடும். சோ. கெஞ்சினார். நானும்.

"அதத் தொடாதீக. ஞாயித்துக்கெழமைக்கு மூணு பொருத்தம் சொல்லியிருக்கேன். கம்பெனிக்காரன் வந்தா அவன் ஜாதகத்தையும் கட்டம் போட்டுப் பாத்துருவோம்."

அவர் அந்த மெஷினை நிறுத்துவதே இல்லை. சுவிட்சும் போட்டபடி, அதோடு மாட்டிய ஸ்பீக்கரும் போட்டபடி. காலையில் அதில் சஷ்டிக் கவசம், பிறகு ஜாதகம்.

21-11-98, சனி

மழை. ஆட்டோ ஸ்டாண்டில் கேள்விப்பட்டது: மெட்ராஸ் ஆட்கள் இரண்டு பேர் காலையிலேயே செக்காலையில் இறங்கி, சென்டருக்கு எதிரே நின்று டீ குடித்துவிட்டு லாட்ஜுக்குப் போனார்களாம். வெளியீட்டு விழா நாளைக்கு.

புது அட்டை வந்துவிட்டது. சின்னம் இல்லை, ஆசி இல்லை, வட்டம் உண்டு. பழையதில் ஒன்று மெட்ராஸில் இருக்கிறது.

22-11-98, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசை. மழை விட்டது. காலையிலிருந்து செக்காலை முழுவதும் கரண்ட் இல்லை.

மண்டபத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். நேற்றைய ஆட்கள் இருவர், இளைஞர்கள்; கூடவே கைப்பையுடன் பெரியவர் ஒருவர். சோ. பன்னீர் தெளித்தார், சந்தனம் நீட்டினார். அது பெரியவரின் சட்டையில் பட்டது. பெரியவர் துடைத்துக்கொண்டு, விழா இருக்கட்டும், முதலில் சென்டரைப் பார்க்கலாம் என்றார்.

சாவி என்னிடம்.

ஆச்சியின் மெஷினுக்கு நேற்றே பட்டுத் துணி போர்த்தி, மேலே பிள்ளையாரை வைத்திருந்தோம். இருட்டில் பார்த்தால் பூசை மேசை. இளைஞர் ஒருவர் அதன்முன் நின்று கும்பிடவும் செய்தார். உள்ளறை மெஷின்களை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கரண்ட் இல்லாமல் மெஷினில் என்ன தெரியும். அந்த இளைஞர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

"கரண்ட் வர்ற வரைக்கும் இருப்போம்" என்றார் பெரியவர்.

உட்கார்ந்தார்கள். சோ. காப்பி வரவழைத்தார். பெரியவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என் குறிப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தார். நிதானமாக. ஒருவர் அதை அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

"வட்டமெல்லாம் கையாலயா போட்டீங்க?"

ஆமாம் என்றேன்.

"ஒண்ணுகூட விடல."

அப்போது கரண்ட் வந்தது. சுவிட்ச் போட்டிருந்த மெஷின்கள் தாமாகவே கிளம்பின. உள்ளறையில் கறுப்புத் திரைகளில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கின. நம் சிஸ்டம். இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோ. என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பிறகு முன்னறையில், பிள்ளையாருக்கு அடியில், பட்டுத் துணிக்குள்ளிருந்து அந்தக் கம்பெனியின் தொடக்க இசை. சஷ்டிக் கவசத்துக்கு வைத்த சத்தத்தில்.

முழுவதும் கேட்டோம். பெரியவர் குறிப்பை மூடிவிட்டு, கைப்பையைத் திறந்து கோர்ட்டு உத்தரவை எடுத்தார்.