முழு நோட்டுக்கு ஒரு அடி

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
14.8.1959

அன்புள்ள மகன் கஸ்பாருக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் ஓரளவு சுகம், நீ பூனா மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ராணுவ பேண்டில் சின்னப் பையன்களுக்கு இசை நோட்டும் தாளமும் சொல்லிக்கொடுக்கும் வேலையை உனக்குக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்குப் பெருமைப்படத் தோன்றவில்லை. ஏனென்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

உன் சொல்லைக் கேட்டுத்தான் தம்பி லூர்துவைக் கோயில் பேண்டில் சேர்த்தோம், உனக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஞானராஜ் வாத்தியாரிடம். திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் கிளாரினெட் வாசிக்கப் போகிறான் என்று புதுச் சட்டைகூடத் தைத்தாயிற்று. போன வாரம் பையன் இடது கையால் சோறு அள்ளினான். கேட்டால் கிணற்றடியில் விழுந்தேன் என்றான். வலது கையைப் பிடித்துப் பார்த்தேன், நடுவிரல் கத்தரிக்காய் மாதிரி கறுத்து வீங்கியிருந்தது. விழுந்தவனுக்கு ஒரு விரல் மட்டுமா வீங்கும்? மறுநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற வழியில் கோயில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பையன்கள் பெஞ்சில் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வாத்தியார் டிரம் குச்சியோடு நிற்கிறார். முழு நோட்டு என்றால் ஒரு அடி, அடித்த குச்சியை எடுக்காமல் நாலு எண்ணும்வரை விரலிலேயே வைத்து அழுத்துகிறார். அதே நாலு எண்ணிக்கைக்குள் அரை நோட்டுக்கு இரண்டு அடி. கால் நோட்டுக்கு நாலு. அழாமல் எண்ண வேண்டும், அழுதால் முதலிலிருந்து. லூர்து அந்த வீங்கின விரலையே நீட்டிக்கொண்டிருந்தான்.

சோற்றுத்தூக்கு எங்கே விழுந்ததென்று எனக்குத் தெரியாது. குச்சியைப் பிடுங்கி அந்த ஆளைத் தோளில் அடித்தேன், முதுகில் அடித்தேன், தடுத்த கையில் அடித்தேன், நெற்றியில் அடித்தேன். நெற்றி பிளந்து ரத்தம் வெள்ளைச் சட்டையெல்லாம் வடிந்தது. இன்னும் அடிக்க வேண்டும்போல்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். அப்போது காதில் ஒரு சத்தம் விழுந்தது. பையன்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் அடிக்க அடிக்க, ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று காலால் தரையைத் தட்டி எண்ணியிருக்கிறார்கள், ஒருத்தன்கூட எழுந்து ஓடவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் லூர்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நீ அடிச்சது கால் நோட்டுதாம்மா, ஆனா மூணாவது அடி செத்த முந்திருச்சு என்றான். நடுத்தெரு என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தம்பிக்கு எலும்பு முறிந்திருக்கிறதாம், இனி விரல் மடங்குமா என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பொம்பள போயி வாத்தியார அடிச்சா நான் எப்படி ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்குறது என்று அப்பா கத்தினார். புள்ளைக்கு வெரலு ஒடிஞ்சு கெடந்தப்ப நிமிந்துதான நடந்தீக என்றேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை, பூனைக்குச் சொல்வதுபோலச் சாப்பிடச் சொல்கிறேன், வந்து சாப்பிடுகிறார்.

நீயும் இப்படித்தான் படித்தாய் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டாயே ராசா, அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. அடி வாங்கியதால்தான் எனக்கு வாசிப்பு வந்தது என்று மட்டும் எழுதிவிடாதே, நடக்கிறதற்கு முன்பே கோயில் மணிக்குத் தலையாட்டின பிள்ளை நீ. பையன்களைக் கை தட்டச் சொல், நடக்கச் சொல், ஒரு எட்டு வைத்து நின்று நாலு எண்ணச் சொல். தப்பினால் திரும்பச் சொல்லிக்கொடு. தொண்டை கட்டினால் வெந்நீர் குடி.

சேசுநாதர் உன்னையும் உன்னிடம் படிக்கிற பிள்ளைகளையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். தம்பிக்குத் தனியாக நாலு வரி எழுது, விரலைப் பற்றிக் கேட்காதே. எனக்கு ஒரே ஒரு பதில் போதும், பாடம் எடுக்கும்போது உன் கையில் குச்சி இருக்கிறதா இல்லையா? இருந்தால் பொய் எழுதாதே. திண்டுக்கல்லிலிருந்து பூனாவுக்கு ரயில் இருக்கிறது, ஏறி வர எனக்குத் தெரியும், என் கை உன்மேலும் ஓங்கும்.

உன்னைப் பெற்ற
சவேரியம்மாள்