முதல் செம்பு சீம்பால்

சிட்டு,

இன்று காலையில் உன் மருமகள் ஒரு செம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் வெல்லமும் ஏலக்காயும் மணத்தது. சீம்பால். "எங்கத்தை சொல்லிப்போட்டுத்தான் போனாங்க. எருமை கன்னு போட்டா மொதச் செம்பு உங்களுக்குத்தானாமுங்க" என்றாள். நீ கண்ணை மூடி இருபது நாள் ஆகிறது. செம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறேன். ஆறிப்போய்விட்டது.

இந்தத் தோட்டங்காட்டுக்குள் இருப்பது நம் ரெண்டு வீடுதான். கல்யாணம் ஆகி வந்த வருசத்திலிருந்து உன் வீட்டு முதல் செம்பு எனக்குத்தான் வந்தது. தவமணி வருகிற வரைக்கும்.

எண்பத்திமூணு ஆடியில் இலங்கையில் நம் ஜனங்களை வெட்டி எரித்தார்கள் என்று ஊரே கடையடைத்தது. ராசிபுரத்து ஊர்வலத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நானும்தான் நடந்தேன். அரிசி கேட்டு வந்தவர்களுக்கு முறம் நிறையப் போட்டேன். என் நெஞ்சும் வெந்தது, பொய்யில்லை. அடுத்த வருசம் சர்க்கார் லாரியில் கொண்டுவந்து, பழைய சந்தைக் கொட்டகையில் அவர்களை இறக்கினார்கள். புருசனைப் பறிகொடுத்துவிட்டு ரெண்டு பெண்பிள்ளைகளோடு வந்தவள் தவமணி.

மோர் கொடுக்கப் போனாய். பிறகு தினமும் போனாய். அவளிடம் அவர்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி வைக்கக் கற்றுக்கொண்டாய். ஒருநாள் நான் என்னமோ கேட்டதற்கு "ஓம்" என்றாயே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆமான்னு சொன்னா வாய் வலிக்குதா உனக்கு?"

"ஏம்புள்ள, சக்களத்தி வந்தாப்பல மூஞ்சியத் தூக்கற?" என்று சிரித்தாய்.

அந்தத் தையில் எருமை கன்று போட்டது. முதல் செம்பு கொட்டகைக்குப் போனது. கேட்டேன். "உனக்கு ஊடு இருக்குது. அவளுக்கு என்ன புள்ள இருக்குது?" என்றாய். நியாயந்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

பிறகு ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு, நம் பட்டாளம் அங்கே போனது. அதில் போன பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் பெட்டியில் வந்தான். அரிசி போட்ட அதே கைகள் டீக்கடையில் கொட்டகையைக் காட்டி நீண்டன. "நம்ம பையனையே சுட்டுப்போட்டானுங்க. இவிங்களுக்கு எதுக்கு இன்னும் சோறு?" அந்தச் சமயம் பார்த்து, கப்பலில் ஊர் திரும்புகிறவர்கள் பேர் கொடுக்கலாம் என்று ஜீப்பில் வந்து எழுதினார்கள். தவமணி கொடுத்துவிட்டாள்.

நீ அப்போது உன் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு வெண்ணந்தூர் போயிருந்தாய். அவள் என் வாசலுக்கு வந்தாள். "அக்கா, வியாழன் விடிய வெளிக்கிடுறம். அவவிட்ட மறக்காமச் சொல்லிவிடுங்கோ. பாக்காமப் போக மனம் வரேல்ல." சொல்கிறேன் என்றேன்.

புதன் சாயங்காலம் வந்தாய். கிணற்றடியில் கேட்டாய்: "ஏதாச்சும் விசேசமா புள்ள?"

"ஒண்ணுமில்லே" என்றேன்.

மறுநாள் விடியலில் எருமை கன்று போட்டது. சீம்பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு உச்சிவேளையில் கொட்டகைக்குப் போனாய். அங்கே அடுப்புக் கல்லும் சாம்பலும்தான் இருந்தன. அதே செம்போடு நேரே என் வீட்டுக்கு வந்தாய். அழவில்லை. "சாப்பிடு, ஆறிடும்" என்றாய். நாலு வருசத்துக்கு அப்புறம் எனக்கு வந்த முதல் செம்பு. வழித்துத் தின்றேன். இனித்தது, சிட்டு.

அதற்கப்புறம் ரேடியோவில் சண்டைச் செய்தி வரும்போதெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடுவாய். "அவ ஊருப் பேரு சொல்றாங்களா, கேளு." ஒருதரம் சொன்னார்கள். அன்றைக்குத்தான் சொன்னாய்: "நான் பாத்திருந்தா அவளைப் போக உட்டிருக்க மாட்டேன்." வேறு பக்கம் பார்த்துத்தான் சொன்னாய்.

அவள் இருக்கிறாளா இல்லையா, தெரியாது. இப்போது ரேடியோவை நான் மட்டும் கேட்கிறேன். உனக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

முதல் செம்பு எனக்கு என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நான் சொல்லாமல் விட்டது தெரிந்தேதான் சொன்னாயா, புள்ள?